குறைவும் பழுதும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் திருச்சபைகளில் கைப்பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவார்கள். டப்பா நிறைந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். அங்கே எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்த சாக்கை யாராவது விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். நல்ல விலை கிடைக்காது. பொங்கினால் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். மாவுக்கோ கோழிக்கோதான் ஆகும். மிசோரத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையில் இதே வழக்கம் 1910இல் தொடங்கி, இன்றும் அந்தச் சபையின் வருமானத்துக்குப் பெரிய துணையாக இருக்கிறது.

அந்தச் சாக்கை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வீடுகளிலிருந்து ரேஷன் அரிசி வருகிறது. ஒரு வீட்டில் தினமும் பொங்குவதே அதைத்தான். இன்னொரு வீட்டில் சாப்பாட்டுக்கு மூட்டையாக எடுத்த பழைய பொன்னி. அட்டைக்கு வாங்கிய அரிசி கோழிக்கும் காணிக்கைக்கும். விலை ஒன்று, தரம் ஒன்று, அளவும் ஒரு பிடிதான். தராசில் நிறுத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிகிறது. எதை வைத்துத் தெரிகிறது என்பதுதான் விஷயம்.

இதற்குப் பழைய ஏற்பாட்டில் ஒரு விடை உண்டு. லேவியராகமத்தை வாசிப்பவர்கள் கொழுப்பு, குண்டிக்காய், சாம்பல் என்று போகும் பலிச் சட்டங்களை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஐந்தாம் அதிகாரத்தில் கொஞ்சம் நிற்கலாம். சில குற்றங்களுக்கு மந்தையிலிருந்து ஒரு பெண்குட்டியைக் கொண்டுவர வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாவையோ இரண்டு புறாக்குஞ்சையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவனுக்கு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும்; நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு லிட்டர். அதன்மேல் எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம். ஆடு புறாவாகி, புறா மாவாகி, விலை படிப்படியாக இறங்குகிறது. இறங்காமல் நிற்பது ஒன்று உண்டு. கடைசிப் படியில் நிற்கும் ஏழை கொண்டுவருவதும் மெல்லிய மாவாகத்தான் இருக்க வேண்டும். ஏழைதானே என்று தவிடும் குருணையும் அங்கே செல்லாது.

ஏழை மேல் சட்டம் கடுமை காட்டுவதாக முதலில் தோன்றும். யோசித்தால் அது கொடுக்கும் மரியாதை தெரியும். மாவு மெல்லியதாக வேண்டுமென்றால் இன்னொரு முறை சலிக்க வேண்டும். அவனிடம் பணம் இல்லை, கை இருக்கிறது. அவனால் முடியாததைச் சட்டம் கேட்கவில்லை; முடிந்ததைக் கேட்காமல் அவனை இரக்கத்துக்குரியவனாக மட்டும் ஒதுக்கிவிடவும் இல்லை. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவோடு எருசலேம் ஆலயத்துக்குப் போனபோது புறாவைத்தான் காணிக்கையாகச் சொல்கிறார் லூக்கா. ஆட்டுக்கு வழியில்லாத வீடு அது. அதற்காக அந்தக் காணிக்கையில் குறை கண்டவர் எவருமில்லை.

மல்கியா தீர்க்கதரிசி கோபப்படுவது வேறு ஆட்களிடம். குருடானதையும் நொண்டியானதையும் நோய் பிடித்ததையும் பலிபீடத்துக்கு ஓட்டிவருகிறவர்களிடம். இதை உன் தேசாதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடு பார்ப்போம், வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். அதே அதிகாரத்தின் முடிவில் ஆட்களைச் சரியாக அடையாளம் காட்டிவிடுகிறார்: இவர்கள் மந்தையில் நல்ல கடா நிற்கிறது. குற்றம் நொண்டி ஆட்டில் இல்லை, பின்னால் நிற்கும் அந்தக் கடாவில்தான் இருக்கிறது. குறைவாகக் கொடுப்பது ஒன்று. பழுதானதைக் கழித்துவிட்டு அதற்குக் காணிக்கை என்று பேர் வைப்பது வேறொன்று. ரேஷன் அரிசிக்கும் இதுதான் பதில்.

*

லேவியராகமத்தின் சட்டம் தரத்தைப் பற்றிக் கண்மூடித்தனமாகப் பேசவில்லை என்பதற்கு இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு சான்று உண்டு. உறுப்பு ஒன்று நீண்டோ குறுகியோ பிறந்த மாட்டையும் ஆட்டையும் ஒருவன் தானாக மனமுவந்து கொடுக்கலாம், ஏற்றுக்கொள்ளப்படும். ஆனால் பொருத்தனை செலுத்த அது ஆகாது. ஒரே மிருகம். சும்மா கொடுத்தால் சரி, வாக்குக் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்தால் சரியில்லை. தரம் என்பது பொருளுக்குள் மட்டும் இருப்பதில்லை, சொன்ன சொல்லுக்கும் கொடுத்த பொருளுக்கும் உள்ள தூரத்திலும் இருக்கிறது.

திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏற்றுமதியில் கழித்த பனியனும் டி-சர்ட்டும் அங்கே குவிந்து கிடக்கும். ஒன்றில் தையல் பிசகியிருக்கும், ஒன்றில் சாயம் ஒரு பிடி கூடியிருக்கும், ஒன்றில் சிறு ஓட்டை. செகண்ட்ஸ் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்குபவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பேரம் பேசி, தெரிந்தே வாங்குகிறார். பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் துணி எடுத்துவிடலாம். இதில் யாருக்கும் அவமானமில்லை. அதே பனியனுக்குப் பெரிய கம்பெனியின் லேபிளை ஒட்டி முதல் தரம் என்று விற்கும்போதுதான் அது பொருத்தனைக்குக் கொண்டுவந்த ஊன ஆடாகிறது. மலிவான பொருளை மலிவான பொருள் என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் நேர்மையான காரியங்கள். ‘நல்லதா ஒண்ணு வாங்கினா நாலு வருஷம் வரும்’ என்ற அறிவுரையைச் சொல்ல வசதியுள்ளவர்களுக்கு எளிது. இன்றைக்கு இருநூறு ரூபாய்தான் கையில் இருக்கிறது என்பவருக்கு நாலு வருஷம் கழித்து வரப்போகும் லாபத்தால் ஒரு பயனும் இல்லை.

தமிழில் வேதம் அச்சேறிய வரலாறே இப்படியொரு சிக்கனத்தில் தொடங்குகிறது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அழகாக இருந்தன, ஆனால் பெரிதாக இருந்தன. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அடித்தால் கப்பலில் வரும் காகிதம் எந்த மூலைக்கும் காணாது. எனவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை அதற்கு உருக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலைகூடத் தொடங்கிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சேறின.

எழுத்தின் அளவைக் குறைத்தார்கள், வசனத்தைக் குறைக்கவில்லை. மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தது என்பது பின்னால் வந்தவர்களுக்கே தெரிந்திருந்தது. 1742இல் சென்னைக்கு வந்த மிஷனரி ஃபப்ரிஷியஸ், தமிழர்களை உடன் வைத்துக்கொண்டு அதைப் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல்தான் அச்சாகி வந்தது. ஈயத்திலும் தாளிலும் மிச்சம் பிடித்த மரபு காலத்தில் மிச்சம் பிடிக்கவில்லை. எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே செய்யக் கூடாது என்பதை அறிந்தவர்களின் வேலை அது.

*

சந்தை விலையே தலைகீழாகும் இடமும் நம் சபைகளில் உண்டு. அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்துக்கு முன்னால் வாழைத்தாரும் பூசணிக்காயும் பனங்கிழங்கும் கருப்பட்டியும் சேவலும் வந்து சேரும். ஏலம் நடக்கும். கடையில் ஏழு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு முட்டை நூறைத் தாண்டும், சில ஊர்களில் ஆயிரத்தையும் தாண்டும். ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுக்கும் ஏலக்காரர், மூன்றாம் தரம் சொல்லுமுன் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். எடுத்தவர் அதைத் திரும்பக் கொடுத்து மறு ஏலத்துக்கு விடுவதும் உண்டு. முட்டை அதே முட்டைதான். அதைக் கொண்டுவந்த கிழவிக்கு அதைத் தவிர வேறு எதுவும் கொடுக்க இல்லை என்பது ஊருக்குத் தெரியும். சபை அந்த முட்டைக்குத் தன் விலையை வைக்கிறது. பொருளை எவ்வளவு குறைத்து வாங்கலாம் என்று வாரம் முழுக்க யோசித்த அதே ஆள் அங்கே நின்று எவ்வளவு கூட்டலாம் என்று யோசிக்கிறார்.

நாளடைவில் ஏலம் கௌரவப் போட்டியாகிவிட்ட ஊர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருபக்கம், உள்ளூர்க் கடைக்காரர் ஒருபக்கம், நடுவில் ஒரு பலாப்பழம். அப்போது முட்டை கொண்டுவந்த கிழவி காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறாள். விலை கூடக்கூடக் காணிக்கையின் தரமும் கூடுகிறது என்று அந்தக் கூட்டம் நினைத்தால், ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பற்றி அதே ஆலயத்தில் கேட்ட பிரசங்கங்கள் வீண்.

கொடுப்பதிலுள்ள பழுதைத் தமிழ்நாடு வெட்டவெளிச்சமாகப் பார்த்தது 2004 சுனாமிக்குப் பிறகு. நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிந்தவை, கறை பிடித்தவை, கடற்கரையில் யாரும் உடுத்த முடியாதவை. எல்லாம் இழந்து நின்ற மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து மக்கின. நன்றியில்லாதவர்கள் என்று அன்றைக்கு முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களைவிட, ஏழையின் கடைசி மாவும் சலித்த மாவாக இருக்க வேண்டும் என்ற பழைய சட்டத்துக்கு அந்த மீனவர்கள் அருகில் இருந்தார்கள். கொடுக்க வந்தவர்களின் வீட்டு அலமாரி காலியானதைத் தவிர அந்த லாரிகளால் நடந்தது அதிகமில்லை.

*

தரமா, செலவா என்ற விவாதம் சுவிசேஷத்திலேயே ஒரு விருந்தில் நடக்கிறது. பெத்தானியாவில் மரியாள் ஒரு இராத்தல் நளத தைலத்தை இயேசுவின் பாதத்தில் ஊற்றிவிடுகிறாள். யூதாஸ் உடனே விலை சொல்கிறான்: முந்நூறு பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஆக, ஓய்வுநாள் போக ஒரு கூலிக்காரனின் ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பாத்தியம். விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான். யோவான் சுவிசேஷத்திலேயே சில அதிகாரங்கள் முன்னால் போனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஐயாயிரம் பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது பிலிப்பு, இருநூறு பணத்து அப்பமும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கக் காணாது என்கிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யூதாஸின் கேள்வி கனமாகிறது. ஐயாயிரம் பேரின் பசிக்குப் பிலிப்பு கணக்குப் போட்ட பணத்தைவிட அதிகம் அன்று தரையில் ஓடியது.

இயேசு அதைத் தடுக்கவில்லை. அவர் ஆடம்பரத்தின் பக்கம் என்று சொல்லவும் முடியாது. வனாந்தரத்தில் அவர் கையில் வாங்கியது ஒரு சிறுவனின் ஐந்து வாற்கோதுமை அப்பம். வாற்கோதுமை அன்றைய பாலஸ்தீனத்தில் ஏழையின் தானியம். மலிவான அப்பத்தையும் அவர் வாங்கிக்கொண்டார், விலையேறிய தைலத்தையும் வாங்கிக்கொண்டார். இரண்டிலும் கொடுத்தவர்கள் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். யூதாஸ் மட்டும் அடுத்தவர் பொருளுக்கு விலை போட்டான். பணப்பை அவனிடம் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டும் இருந்தான் என்று யோவான் குறிப்பிடுகிறார்.

அதற்காகக் கல்லிலும் கண்ணாடியிலும் காசைக் கொட்டும் சபைகளெல்லாம் பெத்தானியாவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. தெலங்கானாவின் மெதக் பேராலயத்தை எடுத்துக்கொள்ளலாம். 1914இல் தொடங்கி, 1924 கிறிஸ்துமஸ் அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்தப் பெரிய கோயில் பஞ்ச காலத்தில் எழுந்தது. போஸ்னெட் என்ற மிஷனரி, பசித்து வந்தவர்களுக்கு வேலை கொடுத்து உணவு கொடுக்கும் வழியாக அந்தக் கட்டுமானத்தை ஆக்கிக்கொண்டார். ஏழைகளுக்கா, ஆலயத்துக்கா என்று பிரியும் பணம் அங்கே கூலியாகி ஒரே வழியில் போனது. கட்டியவன் சாப்பிட்டானா என்பதைக் கேட்காமல் ஒரு கோபுரத்தின் அழகைப் பேச முடியாது என்பதற்கு மெதக்கை நினைத்துக்கொள்ளலாம்.

*

சந்தையில் ஒரு பொருள் நியாயத்துக்கு மீறி மலிவாகக் கிடைக்கிறது என்றால் விலையில் ஒரு பகுதியை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பேரில் நடந்ததை நாம் அறிவோம். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷத்துக்கு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகப் பேச்சு. பாதியில் நோயோடு வீடு திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. அந்த நூலில் நெய்த துணியில் பழுது தேடினால் கிடைக்காது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நியூஜெர்சியில் ஜான் உல்மன் என்றொரு குவேக்கர் இருந்தார். தையல்காரர், துணியின் தரம் தெரிந்தவர். அடிமைகளின் உழைப்பில் வந்த சர்க்கரையை விட்டார். சாயமேற்றிய துணியையும் விட்டார்; சாயம் அழுக்கைப் போக்காமல் மறைக்கத்தான் உதவுகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. வெளுப்பும் இல்லாமல் வண்ணமும் இல்லாமல் அவர் போட்டுக்கொண்ட உடையையும் தொப்பியையும் பார்த்து, சொந்த சபையாரே சங்கடப்பட்டார்கள். 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் அம்மை கண்டு இறந்தார். அடுத்த நூற்றாண்டில் அந்த வழியில் வந்தவர்கள் அடிமை உழைப்பில்லாத பொருள்களை மட்டும் விற்கக் கடைகள் திறந்தார்கள். லீவை காஃபின் 1847இல் சின்சினாட்டியில் திறந்தது அவற்றில் ஒன்று. பருத்தித் துணி பெரும்பாலும் மட்டமாக இருந்தது, விலையோ அதிகம். இயக்கம் பெரிதாக வளராமல் போனதற்கு அதுவும் காரணம்.

இந்த இடத்தில் நம் வழக்கமான கணக்கு உடைந்துபோகிறது. நல்ல பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நமக்குப் புரியும். மட்டமான பொருளுக்குக் கூடுதல் விலை கொடுத்து, அதையும் மகிழ்ச்சியோடு உடுத்திக்கொள்வதை எந்தக் கடைக்காரரிடம் போய் விளக்குவது? அந்த மனிதர்களுக்கு உழைத்தவனின் நிலையும் துணியின் தரத்தில் சேர்த்திதான். இதில் வழுக்கும் இடமும் உண்டு. இங்கிலாந்தில் அதே நோக்கத்தோடு பல வீடுகள் கிழக்கிந்தியச் சர்க்கரைக்கு மாறின. அடிமைகள் செய்யாதது என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள் மேசைக்கு வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளிலேயே அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது 1843இல்தான். நல்ல மனசாட்சிக்கும் லேபிள் ஒட்டி விற்க முடியும் என்பதைச் சந்தை அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டது.

கிறிஸ்தவன் இதையெல்லாம் கேட்க வேண்டியதற்கான காரணம் அவன் விசுவாசத்தின் நடுவிலேயே இருக்கிறது. மீட்பு இலவசம் என்கிறோம். பணமும் விலையுமின்றி வந்து வாங்கச் சொல்லும் ஏசாயாவின் அழைப்பைப் பிரசங்கிக்கிறோம். பாவமன்னிப்புச் சீட்டுக்கு விலை வைத்ததை எதிர்த்துத்தான் 1517இல் லூத்தர் எழுந்தார். ஆனால் இலவசத்தை மலிவு என்று எடுத்துக்கொண்ட சபையைப் பார்த்து 1937இல் ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் ஒரு புத்தகம் எழுத வேண்டி வந்தது. ஹிட்லருக்குப் பணிந்துபோன சபை அது. 1945 ஏப்ரல் 9 அன்று போன்ஹோஃபரை நாஜிகள் தூக்கிலிட்டார்கள். கிருபைக்கு நாம் விலை கொடுக்கவில்லை என்பது சரி. கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் விரும்பிக் கொடுத்தார். நூற்பாலை விடுதியின் பெண் நம் சட்டைக்கு மீதி விலை கட்ட விரும்பியதில்லை, அவளை யாரும் கேட்டதுமில்லை. ஒருவர் மனதார ஏற்றுக்கொண்ட விலையில் வாழ்கிறேன் என்று அறிக்கையிடுகிறவன், மனதில்லாமல் விலை கட்டுகிறவர்களைப் பற்றி மற்ற எவரையும்விட முதலில் கேட்க வேண்டியவன்.

எருசலேம் ஆசாரியர்கள் யூதாஸுக்கு முப்பது வெள்ளிக்காசு எண்ணிக் கொடுத்தபோது அவர்களுக்குக் கை கூசவில்லை. அவன் திருப்பி எறிந்தபோதுதான் இது இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று சட்டம் பார்த்தார்கள். குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். காணிக்கைப் பணத்துக்கும் பழுது பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, காலம் தவறித் தெரிந்தது. நம் சபைகளிலும் தரையில் கிரானைட் போட்டாகிவிட்டது, சுவரெல்லாம் குளிர்சாதனம். அந்தத் தரையைக் கூட்டுகிற அம்மாவுக்கு மாதம் என்ன கொடுக்கிறோம், சபைப் பள்ளியில் அரசு உதவி இல்லாத பிரிவில் பாடம் நடத்தும் ஆசிரியை எவ்வளவு தொகைக்குக் கையெழுத்திட்டு எவ்வளவு வாங்கிக்கொண்டு போகிறார் என்று வருடாந்தரக் கூட்டத்தில் கேட்பவர்கள் குறைவு. ‘ஊழியம்தானேம்மா’ என்று சொல்லிக் குறைத்த கூலி நொண்டி ஆட்டைச் சேர்ந்தது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது அறுவடை முடித்த செல்வந்தர்களுக்கு. இன்று அந்த நிருபம் நம் சபைக் கணக்குப் புத்தகத்துக்கும் பொருந்துகிறது. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக்கணக்குப் பார்க்கட்டும் என்று இயேசு சொன்னார். சம்பளப் பட்டியலிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.